ஐந்தாம் பாடத்தின் சிவப்புக் கட்டம்

காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்குப் பட்டியல் வந்தது. எட்டு பன்னிரண்டுக்கு அவள் மேஜை மேலிருந்த டீயை மறந்துபோனாள்.

தலைமை அலுவலகத்தின் மின்னஞ்சல் அது. வெள்ள நிவாரண முகாம்கள் மொத்தம் ஆறு. எந்த முகாமில் எந்த வேலைக்கு யார் பொறுப்பு என்று கட்டம் கட்டமாகப் போட்டிருந்தார்கள். நாலாம் முகாம், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளிக்கூடம். தங்கியிருப்பவர்கள் ஆயிரத்து எழுநூறு பேர். குடிநீர்ச் சுத்திகரிப்புப் பொறுப்பாளர் என்ற கட்டத்தில் அவளுடைய கொழுந்தன். தகுதி என்ற கட்டத்தில், 'இணையவழிப் படிப்பு, தேர்ச்சி, 96 சதவீதம்'. கடைசிக் கட்டத்தில், 'இன்று பகல் பன்னிரண்டு மணிக்குக் குழாய்கள் திறக்கப்படும்'.

கொழுந்தன், அவள் வேலை பார்க்கும் நிவாரண அலுவலகத்தின் வேன் டிரைவர். தண்ணீரைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ரேடியேட்டரில் எவ்வளவு ஊற்றலாம் என்பதுதான். விடிகாலையில் வேனை எடுத்துக்கொண்டு கிளம்பியவன், மூட்டைகளை இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

அந்தத் தொண்ணூற்றாறும் அவள் வாங்கியது.

அலுவலகத்தில் அவளுக்குப் 'பாஸ்வேர்டு அக்கா' என்று பெயர். பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுவதுதான் வேலை. ஆனால் யார் பாஸ்வேர்டை மறந்தாலும் அவளிடம்தான் வந்து நிற்பார்கள், மேனேஜர் உட்பட. மூன்று மாதம் முன்பு தலைமையிலிருந்து ஓர் உத்தரவு. நிவாரண வேலையில் இருக்கும் ஒவ்வொருவரும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் படிப்புகளில் ஒன்றையாவது முடித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். வாங்காவிட்டால் அலுவலகத்தைப் பக்கத்து ஊர் அலுவலகத்தோடு சேர்த்துவிடுவார்கள். முகாம் அமைப்பது, குழந்தைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வது, உணவுப் பொருளைப் பங்கிடுவது, தண்ணீரைச் சுத்தம் செய்வது என்று பலசரக்குக் கடை மாதிரி அங்கே எல்லாம் இருந்தது. எங்கோ யாரோ மெனக்கெட்டுத் தயாரித்து, வேண்டியவர்கள் படித்துக்கொள்ளட்டும் என்று திறந்து வைத்திருந்தார்கள்.

படிக்கத்தான் ஆளில்லை. ஸ்டோர்கீப்பர் கண்ணாடியை மாற்ற வேண்டும் என்றார். வரவேற்பறைப் பெண் வீட்டில் இணைய வசதி இல்லை என்றாள். ஒருவர் பின் ஒருவராகப் பாஸ்வேர்டைத் துண்டுக் காகிதத்தில் எழுதி அவள் மேஜையில் வைத்துவிட்டு நழுவினார்கள். எப்படியும் கம்ப்யூட்டர் முன்னால்தானே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பது அவர்கள் நியாயம். மொத்தம் பதினோரு பேர். எல்லோரும் ஒரே படிப்பைப் படித்தால் மேலிடத்துக்குச் சந்தேகம் வரும் என்று மேனேஜரே பாடங்களைப் பிரித்துக் கொடுத்தார். அதில் தண்ணீர்ப் படிப்பு நாலு பேர் தலையில் விழுந்தது.

முதல் ஆளுக்கு அவள் எழுதியபோது எழுபத்திரண்டு. இரண்டாவது ஆளுக்கு எண்பது. மூன்றாவது ஆளுக்கு எழுதும்போதே பாடத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டாள், வீடியோ தானாக ஓடி முடிந்ததும் நேராகப் பரீட்சை. நாலாவது ஆள் கொழுந்தன். கேள்வியைப் பாதி படிக்கும்போதே விரல் விடைக்குப் போய்விட்டது. அதனால்தான் தொண்ணூற்றாறு. நாலு பேரில் அதிக மதிப்பெண் அவனுக்கு. அதனால்தான் பட்டியலில் அவன்.

அந்தச் சான்றிதழை மாமியார் கண்ணாடிச் சட்டம் போட்டு டிவிக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். பெரிய மகன் வாங்கிய பட்டம் பீரோவுக்குள் இருந்தது.

அவள் தனக்கென்று தொடங்கிய தண்ணீர்ப் படிப்பு மட்டும் மூன்றாம் பாடத்தோடு நின்றிருந்தது. ஊருக்கெல்லாம் எழுதியவளுக்குத் தனக்கு எழுத நேரம் கிடைக்கவில்லை.

பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்கு ஓடினாள். அவர் ஏற்கெனவே பார்த்திருந்தார். அவருக்கு வேறொரு மனக்குறை.

"எனக்குத் தொண்ணூத்தி ஒண்ணு. வேன் ஓட்டறவனுக்குத் தொண்ணூத்தாறாம்மா?"

"சார், அவன் அந்தப் பாடத்துல ஒரு பக்கம்கூடப் பார்த்ததில்ல சார்."

"நான் மட்டும் பார்த்தேனா? எழுதினது நீதானே."

அதற்குப் பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். தலைமைக்கு ஒரு வார்த்தை போனாலும் பதினோரு சான்றிதழும் காலி. முதலில் வேலை போவது எழுதியவளுக்கு, இரண்டாவது எழுதச் சொன்னவருக்கு. தண்ணீரில் பொடி போடுவது ஒன்றும் ராக்கெட் விடும் வேலை இல்லை. மூட்டை மேலேயே எழுதியிருக்கும். குழாயைத் திறக்கட்டும். சாயங்காலம் அவனுக்கு வயிற்றுவலி, காய்ச்சல் என்று ஏதாவது சொல்லி ஆளை மாற்றிவிடலாம்.

"சாயங்காலம் வரைக்கும் ஆயிரத்து எழுநூறு பேர் எதைக் குடிப்பாங்க சார்?"

மேனேஜர் ஸ்டேப்ளரை எடுத்துத் திறந்தார், மூடினார், திறந்தார்.

ஒன்பது மணிக்குக் கொழுந்தனே கூப்பிட்டான். பள்ளிக்கூட மொட்டை மாடியில் ஒரே ஒரு மூலையில்தான் சிக்னல் கிடைக்கிறதாம். தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றுகொண்டு பேசுகிறானாம். காற்றும் மழையும் அவன் குரலைப் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தன.

"அண்ணி, இங்க எல்லாரும் என்னை சார்ங்கறாங்க. பம்பு ஆபரேட்டர் நாற்காலியைத் தொடச்சுப் போடறாரு. நம்ம வீட்ல ஒரு நாளாவது யாராவது தொடச்சீங்களா?"

"வெளையாடாதே. அங்க என்ன பண்ணிட்டிருக்கே?"

அவன் சொன்னான். கீழே இரண்டு தொட்டி. ஆற்றுத் தண்ணீரை முதல் தொட்டியில் ஏற்றி, படிகாரத்தூள் போட்டு ஏழு மணியிலிருந்து தெளிய விட்டிருக்கிறார்கள். அந்த வேலை பம்பு ஆபரேட்டருக்கே தெரிந்திருந்தது. தெளிந்ததை இரண்டாம் தொட்டிக்கு மாற்றிக் குளோரின் பொடி போட வேண்டும். அங்கேதான் 'நிபுணர்' வர வேண்டும். இதையெல்லாம் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரிந்த சிரிப்பு. லைசென்ஸ் எடுக்கப் போன அன்று காலையிலும் இப்படித்தான் சிரித்தான்.

"ரெண்டு மூட்டையும் வெள்ளைப் பொடிதான் அண்ணி. மறுபடி மறுபடி கரைக்கணுமாம். அதான், ஒரே டிரம்ல ரெண்டையும் சேத்துக் கரைச்சு வெச்சுக்கலாமேன்னு பார்க்கறேன். பம்பு ரூம்ல டிரம் ரெடியா இருக்கு. படிகாரம் கரைச்சாச்சு. இன்னொண்ணையும் போட்டுட்டா..."

"இரு. பார்த்துச் சொல்றேன்" என்றாள்.

லைன் போய்விட்டது. எத்தனை முறை அழுத்தியும், தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றே பதில் வந்தது.

அவள் ஏன் 'இரு' என்றாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த இரண்டு பொடிகளையும் சேர்த்து எங்கோ பார்த்த ஞாபகம். எங்கே? கண்ணை மூடினாள். ஐந்தாம் பாடம். பக்கத்தின் அடியில் சிவப்புக் கட்டம். கட்டத்துக்குள் நாலைந்து வரி.

என்ன வரி?

முதல் ஆளுக்கு எழுதியபோதே அதைப் பார்த்திருந்தாள். பரீட்சையில் அதிலிருந்து கேள்வி வராது என்று தெரிந்ததும் அப்படியே தள்ளிக்கொண்டு போய்விட்டாள். கட்டத்தின் நிறம் நினைவிருந்தது. ஓரத்தில் ஒரு மண்டையோட்டுப் படம் இருந்ததா, வெறும் ஆச்சரியக்குறியா? அதுவும் தெரியவில்லை.

பாஸ்வேர்டு எல்லாம் கையில் இருக்க என்ன கவலை? கொழுந்தன் பெயரில் உள்ளே போனாள். படிப்பு முடிந்தவர்களுக்குப் பாடம் திறக்காது என்பது அப்போதுதான் தெரிந்தது. திரையில் ஒரு கேள்வி: 'முதல் பாடத்திலிருந்து மறுபடி தொடங்கினால் உங்கள் சான்றிதழ் ரத்தாகும். சம்மதமா?' மற்ற மூவரின் பெயரிலும் அதே கேள்வி. யாருடையதை அழித்தாலும் முதல் பாடத்திலிருந்து வர வேண்டும். அவளுடைய சொந்தப் படிப்போ மூன்றாம் பாடத்தில் நிற்கிறது. ஐந்துக்கு அதுதான் குறுக்கு வழி.

அவள் தன் பெயரில் உட்கார்ந்தாள். மணி ஒன்பது பத்து.

வீடியோவைத் தள்ளிவிட முடியாது. முழுக்க ஓடினால்தான் அடுத்தது. மழைக்கு இணையம் தவழ்ந்தது. திரையில் ஒரு வட்டம் சுற்றும், நிற்கும், சுற்றும். பாடம் சொல்லும் பெண் தண்ணீர்த் தொட்டி முன்னால் நின்றுகொண்டு நிதானமாகப் பேசினாள். இதே பெண்ணை நாலு முறை ஓட விட்டு, நாலு முறையும் ஒலியை அணைத்துவிட்டு வேறு வேலை பார்த்திருக்கிறாள். அந்தப் பெண்ணின் வலது கையில் மணிக்கட்டு வரை தீக்காயத் தழும்பு மாதிரி ஏதோ இருப்பதை இன்றுதான் பார்த்தாள்.

ஒன்பது நாற்பதுக்கு மூன்றாம் பாடம் முடிந்தது. நாலாம் பாடத்தின் இறுதியில் பத்துக் கேள்வி. எண்பது எடுத்தால்தான் ஐந்து திறக்கும். பதற்றத்தில் பழைய பழக்கத்துக்கு விரலை விட்டுவிட்டாள். கேள்விகளைப் புதிதாக மாற்றியிருந்தார்கள்.

அறுபது.

'பாடத்தை மீண்டும் படியுங்கள். பத்து நிமிடம் கழித்து முயலலாம்.'

கொழுந்தனுக்குத் தொண்ணூற்றாறு வாங்கிய விரல் அது. அவள் அதைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டாள். பத்து நிமிடத்தில் எத்தனை முறை கடிகாரம் பார்த்தாள் என்று கணக்கில்லை. நடுவில் கொழுந்தனுக்கு மூன்று செய்தி அனுப்பினாள்: 'ரெண்டையும் கலக்காதே. நான் சொல்ற வரைக்கும் தொடாதே. மேல வந்து போன் பண்ணு.' மூன்றுக்கும் ஒற்றை டிக். பள்ளிக்கூடத்தின் தரைவழித் தொலைபேசி ஊமையாகக் கிடந்தது. முகாம் டாக்டரின் எண்ணைக் கேட்டதற்கு மேனேஜர், டாக்டரிடம் என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்டாரே தவிர எண்ணைக் கொடுக்கவில்லை.

இரண்டாம் முறை ஒவ்வொரு கேள்வியையும் உதடு அசையப் படித்தாள். தொண்ணூறு.

பத்து இருபதுக்கு ஐந்தாம் பாடம் திறந்தது. நேராகப் பக்கத்தின் அடிக்குப் போனாள். சிவப்புக் கட்டம் அங்கேயே இருந்தது, மூன்று மாதமாக அவளுக்காகக் காத்திருந்த மாதிரி.

'எச்சரிக்கை: படிகாரத்தையும் குளோரின் பொடியையும் ஒரே பாத்திரத்தில் கரைக்காதீர்கள். ஒன்றுக்குப் பயன்படுத்திய டிரம்மில் மற்றொன்றைப் போடாதீர்கள். நச்சுவாயு கிளம்பும். மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து.'

பம்பு ரூம்ல டிரம் ரெடியா இருக்கு. படிகாரம் கரைச்சாச்சு.

அவள் காலையில் வந்த பட்டியலைத் திருப்பிப் போட்டு, அந்தக் கட்டத்தையும், அதற்கு மேலிருந்த, எவ்வளவு குளோரின் போடலாம் என்று கண்டுபிடிக்கும் வாளிச் சோதனை முழுவதையும் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டாள். எழுத்து கோணல்மாணலாகப் போனது. பாடத்தில் சோதனைப் பெட்டி என்று ஒன்றைக் காட்டியிருந்தார்கள்: சின்ன நீலப் பெட்டி, மாத்திரைகள், நிற அட்டை. அதைக் கேட்க ஸ்டோருக்கு ஓடினாள். பெட்டி அலமாரியிலேயே இருந்தது. காலையில் மூட்டைகளை ஏற்றும்போது இது எதற்கென்று யாருக்கும் தெரியாததால் விட்டுவிட்டார்களாம்.

"ரோஸ் கலர் அட்டையெல்லாம் இருந்துச்சா, ஏதோ அழகுசாதனப் பெட்டின்னு நெனச்சேன்மா" என்றார் ஸ்டோர்கீப்பர். அவருக்குத் தண்ணீர்ப் படிப்பில் எண்பது.

ஸ்கூட்டரை எடுத்தாள். முகாம் பதினாலு கிலோமீட்டர். பாலத்தில் வண்டிகள் ஊர்ந்தன. கீழே ஆறு, மாட்டுக் கொட்டகைக் கூரை ஒன்றைச் சுமந்துகொண்டு போனது. அவள் கீழே பார்க்கவில்லை. அவள் கண்ணுக்குள் ஒரு அறை மூடிக்கிடந்தது. அதற்குள் ஒரு டிரம். டிரம்மின் மேல் குனிந்த ஒரு தலை. வீட்டில் கடைக்குட்டி அவன். அவள் கல்யாணமாகி வந்த வருடம் அவனுக்கு மீசை அரும்பவில்லை. கணக்குப் பாடத்தை அவளை எழுதித் தரச் சொல்லி, எழுதித் தந்தால்தான் மாடியில் துணி எடுத்து வருவேன் என்று பேரம் பேசுவான். அவளும் எழுதித் தந்தாள். இது அன்றைக்கே தொடங்கியது என்று நினைத்தபோது ஹேண்டில் ஒரு பக்கம் இழுத்தது.

பாலம் தாண்டி மூன்றாவது வளைவில் சாலை மேல் தண்ணீர். ஸ்கூட்டர் இருமியது, நின்றது. சாலையோரம் தள்ளிச் சாய்த்துவிட்டு, நீலப் பெட்டியைத் தலைமேல் வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்தாள். மேனேஜர் பெயர் போனில் மின்னிக்கொண்டே இருந்தது. பள்ளிக்கூடத்தின் வாசல் தெரிந்தபோது மணி பதினொன்று இருபத்தைந்து.

குழாயடியில் வாளிகளும் குடங்களும் வரிசை கட்டியிருந்தன. ஆட்கள் வரிசையைப் பாத்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு வராந்தாவில் ஒதுங்கியிருந்தார்கள். யாரும் ஓடவில்லை, யாரும் இருமவில்லை. அதற்கே அவளுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. பம்பு அறை எங்கே என்று கேட்டாள். நோயாளிகளைப் படுக்க வைத்திருந்த வகுப்பறைக்கு அடுத்த அறையைக் காட்டினார்கள். மழைச் சாரலுக்காக ஜன்னலைப் பலகையால் அடைத்திருந்தார்கள். கதவு சாத்தியிருந்தது.

தள்ளித் திறந்தாள்.

கொழுந்தன் டிரம்முக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். கையில் பிளாஸ்டிக் மக்கு. மக்கு நிறைய வெள்ளைப் பொடி. மக்கு டிரம்முக்கு நேர் மேலே.

"கீழ வை" என்றாள். கத்தவில்லை. கத்தினால் அவன் திடுக்கிட்டுப் பொடி விழுந்துவிடும் என்று தோன்றியது.

அவன் திரும்பாமலே மக்கை மெல்லப் பின்னுக்கு இழுத்து, மூட்டைக்குள் வைத்தான். பிறகுதான் அவளைப் பார்த்தான். முகம் வெளிறியிருந்தது.

"கால் மணி நேரமா இப்படியே நிக்கறேன் அண்ணி. கை போகமாட்டேங்குது."

ஒன்பது மணியிலிருந்து அவன் அந்தப் பொடிப் பக்கம் போகாமலிருக்க என்னென்ன செய்தான் என்று வெளியில் இழுத்து வந்தபோது கொட்டினான். தொட்டி சுத்தமில்லை என்று இரண்டாம் தொட்டியைத் தேய்க்கச் சொன்னானாம். தேய்த்ததும், மூலை சரியில்லை என்று மறுபடி. அதற்கப்புறம் மூன்றாம் முறை. பம்பு ஆபரேட்டர், இவ்வளவு கறாரான அதிகாரியைத் தன் சர்வீஸிலேயே பார்த்ததில்லை என்று டாக்டரிடம் போய்ப் புகழ்ந்திருக்கிறார். தொட்டி பளபளத்துவிட்டது. இனி சொல்ல ஒன்றுமில்லை என்றானபிறகுதான் மக்கைக் கையில் எடுத்தானாம்.

"போட்டிருந்தா?" என்று கேட்டான்.

அவள் காகிதத்தை நீட்டினாள். கோணல் எழுத்தில் அந்த நாலு வரியைப் படித்தான். பக்கத்து அறையில் யாரோ புரண்டு படுக்கும் சத்தம் சுவர் வழியாகக் கேட்டது. அவன் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான்.

"வா, டாக்டர்கிட்டப் போகணும்" என்றாள்.

"எதுக்கு அண்ணி? நீங்கதான் வந்துட்டீங்களே. நீங்க சொல்லுங்க, நான் போடறேன். யாருக்குத் தெரியப் போகுது?"

அவன் சொன்னது நடக்கக்கூடியதுதான். வேலை பிழைக்கும், மேனேஜர் பிழைப்பார், மாமியாரின் கண்ணாடிச் சட்டமும் பிழைக்கும். சாயங்காலம் காய்ச்சல் என்று சொல்லி அவனைத் திருப்பி அழைத்துக்கொண்டு போய்விடலாம். ஆனால் மற்ற ஐந்து முகாம்களிலும் அந்தப் பட்டியலின் மற்ற கட்டங்களில் அவள் எழுதிய பெயர்கள் இருந்தன. ஸ்டோர்கீப்பர் நாளை ஒரு முகாமுக்குப் போவார், எண்பது சதவீதத்தோடு.

முகாம் டாக்டர் ஐம்பதைத் தொட்ட ஒரு பெண்மணி. மூன்று நாளாகத் தூங்காத கண். அவர் வகுப்பறையில் ஒரு கிழவருக்குச் சொட்டுமருந்து ஏற்றிக்கொண்டே கேட்டார். அவள் எதையும் விடவில்லை. பதினோரு பாஸ்வேர்டு, நாலு முறை எழுதிய பரீட்சை, சிவப்புக் கட்டம், பக்கத்து அறையின் டிரம். சொல்லச் சொல்லக் கொழுந்தன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

டாக்டர் ஊசியை ஒட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"சரி. உங்ககிட்டயாவது சான்றிதழ் இருக்கா?"

"இல்ல டாக்டர். எனக்கு நேரம் கிடைக்கல."

டாக்டர் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை, அது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. காலையிலிருந்து இரண்டு பேருக்கு வயிற்றுப்போக்கு, பள்ளத்துத் தண்ணீரைக் குடித்தவர்கள், என்று மட்டும் சொன்னார். பன்னிரண்டுக்குக் குழாய் திறக்கவில்லை என்றால் மற்றவர்களும் அங்கேதான் போவார்கள். திறக்க வேண்டுமென்றால் தகுதியுள்ளவர் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். தகுதியுள்ளவர் இந்த வளாகத்தில் யாருமில்லை.

அவர் மொட்டை மாடிக்கு ஏறிப் போனார். தொட்டி மேல் ஏறி நின்று தலைமையோடு பேசினார். இறங்கி வந்தபோது மணி பதினொன்று நாற்பத்தைந்து. தண்ணீர்ப் பொறியாளர் ஒருவர் கிளம்பிவிட்டாராம். வந்து சேர நாளைக் காலை ஆகும். இன்றைக்கு என்ன செய்வது என்று கேட்டதற்கு, வாளிச் சோதனையை டாக்டர் கண்முன்னால் நடத்தி, நிறம் சரியாக வந்தால் மட்டும் திறக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். பதினோரு சான்றிதழைப் பற்றியும் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். டாக்டர் அதை அவளிடம் சொல்லவில்லை.

"ஒவ்வொரு படியையும் சத்தமா படிங்க. நான் கேட்டுட்டிருப்பேன். எனக்குப் புரியலைன்னா நிறுத்திடுவேன்."

அவள் படித்தாள். கொழுந்தன் செய்தான். புதிய வாளி, திறந்த வெளி, முகத்தில் துணி, கையில் டாக்டரின் கையுறை. ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பதினைந்து கிராம் பொடி என்று அவள் நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. அது பரீட்சையின் விடை. நாலு முறை சரியென்று பச்சையாக மின்னிய விடை. காகிதத்தைப் பார்த்தாள். பதினைந்து, எழுபது சதவீதப் பொடிக்கு.

"மூட்டை மேல எத்தனை போட்டிருக்கு?"

கொழுந்தன் மூட்டையைப் புரட்டினான். "முப்பத்தஞ்சு."

"அப்ப முப்பது கிராம்." அவளுக்குக் காது சூடாயிற்று. டாக்டர் அதைக் கவனித்தார், மூட்டையின் எண்ணைத் தானும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

தெளிந்த தண்ணீரை நாலு வாளியில் இருபது இருபது லிட்டர் பிடித்தார்கள். கரைத்து வைத்த குளோரின் கரைசலை ஊசிக்குழாயால் முதல் வாளிக்கு ஒரு மில்லி, இரண்டாவதுக்கு இரண்டு, மூன்றாவதுக்கு மூன்று, நாலாவதுக்கு நாலு. கலக்கி மூடி வைத்தார்கள். இனி அரை மணி நேரம் ஒன்றும் செய்யக்கூடாது.

செய்ய வேண்டியது இருக்கும்போது அவளுக்குப் பயம் அடங்கியிருந்தது. இப்போது மொத்தமாக வந்து உட்கார்ந்தது. பன்னிரண்டு அடித்தது. வராந்தாவிலிருந்தவர்கள் இறங்கித் தங்கள் தங்கள் பாத்திரத்துக்குப் பின்னால் நின்றார்கள். குழாய் சிந்தவில்லை. முணுமுணுப்பு கிளம்பியது. நாலு வாளியைச் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிற இவர்கள் யார், தண்ணியை வெச்சு ஜோசியமா பார்க்கறாங்க என்று ஒருத்தி கேட்டாள். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வரிசையை விட்டு விலகிப் பள்ளத்துப் பக்கம் நடந்தாள். டாக்டர் போய் அவளை வழிமறித்துத் தன் பாட்டிலைக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார். அந்தப் பாட்டிலில் இருந்ததே கால்வாசிதான்.

பன்னிரண்டு இருபதுக்குப் பெட்டியைத் திறந்தாள். முதல் வாளித் தண்ணீரில் மாத்திரை கரைந்தது, நிறமே மாறவில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது மாத்திரை அவள் கையிலிருந்து நழுவி மண்ணில் விழுந்தது. இன்னொன்று எடுத்தாள்.

மூன்றாவது மெல்ல மெல்ல ரோஸ் ஆனது. அட்டையோடு வைத்துப் பார்த்தாள். டாக்டரும் குனிந்தார். கொழுந்தனும். பம்பு ஆபரேட்டரும் எட்டிப் பார்த்தார். பாடம் சொன்ன அளவான 0.5 என்ற குறிக்கு நேரே இருந்த ரோஸ் அதுதான். நாலாவது வாளி அதைவிட அழுத்தமாகச் சிவந்தது, அது அதிகம்.

மூன்றாவது வாளியின் கணக்கை ஐயாயிரம் லிட்டர் தொட்டிக்குப் பெருக்கினாள். எழுநூற்றைம்பது மில்லி. கொழுந்தனைத் தனியாகப் பெருக்கச் சொன்னாள். அவன் விரல் விட்டு எண்ணி, மண்ணில் குச்சியால் எழுதி, அதே எண்ணுக்கு வந்து சேர்ந்தான். டாக்டர் மூன்றாவதாகப் போட்டுப் பார்த்தார். அதற்குள் தெளிந்த தண்ணீரால் நிரம்பியிருந்த இரண்டாம் தொட்டியில் கரைசலை ஊற்றினார்கள். மறுபடி அரை மணி நேரம். மறுபடி மாத்திரை. மறுபடி அதே ரோஸ்.

ஒன்று பத்துக்கு டாக்டர் பதிவேட்டை நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள். தகுதி என்ற கட்டத்தில் ஒரு கணம் பேனா நின்றது. 'சான்றிதழ் இல்லை. ஐந்தாம் பாடம் வரை படித்தது' என்று எழுதினாள். அதன் கீழே டாக்டர், 'என் முன்னிலையில்' என்று போட்டார்.

குழாய் திறந்தது. முதல் வாளி நிரம்பும் சத்தத்தை அவள் நின்று கேட்டாள். மனம் லேசாகவில்லை. இன்று ராத்திரி யாருக்கு வயிறு கலங்கினாலும் அவள் கையெழுத்து அங்கே இருக்கும்.

மொட்டை மாடி மூலைக்குப் போனபோது போன் மூச்சு வாங்கிக்கொண்டு உயிர்பெற்றது. மேனேஜரிடமிருந்து தவறிய அழைப்பு பதினேழு. கடைசியாக ஒரு செய்தி: 'எல்லாருடைய பெயரும் பட்டியலில் சிவப்பாகிவிட்டது. நாளை காலை விசாரணை. நீயும் வரணும்.' அவள் 'வர்றேன் சார்' என்று பதில் போட்டாள். பட்டியலைத் திறந்து பார்த்தாள். பதினோரு சிவப்பு. ஸ்டோர்கீப்பர் எந்த முகாமுக்கும் போகமாட்டார்.

பின்னால் கொழுந்தன் வந்து நின்றான். கையுறையின் வெள்ளைத் தூள் இன்னும் விரலில் ஒட்டியிருந்தது.

"அம்மாகிட்ட யார் சொல்றது?"

"நீதான். சட்டத்தைக் கழட்டறதும் நீதான்."

அவன் தன் போனை எடுத்து, அந்தப் படிப்புப் பக்கத்தைத் தேடிப் பிடித்தான். இத்தனை நாளில் அவன் அதைத் திறப்பது இதுதான் முதல் முறை. நாளைக் காலை பொறியாளர் வரும்வரை இன்னும் இரண்டு தொட்டிக்காவது பொடி கரைக்க வேண்டும். கரைக்கப் போகிறவனுக்கு அது தெரிந்திருந்தது.

"அண்ணி, என் பாஸ்வேர்டு என்ன?"

சொன்னாள். திரையில் அந்தக் கேள்வி வந்தது. மறுபடி தொடங்கினால் சான்றிதழ் ரத்தாகும், சம்மதமா என்று. ஏற்கெனவே செத்துப்போன சான்றிதழ்தான். இருந்தாலும் அவன் விரல், காலையில் மக்கைப் பிடித்த கை நின்ற மாதிரியே, கொஞ்சம் நின்றது. பிறகு அழுத்தினான். தழும்பு விழுந்த கையோடு அந்தப் பெண் திரையில் வந்து நின்றாள்.

"உள்ள போனதும் பாஸ்வேர்டை மாத்திடு" என்றாள். "என்னன்னு என்கிட்ட சொல்லாதே."